அசல் காயில் பிடிவாதம்

'அந்தக் காலத்து சாமான் மாதிரி வருமா?' என்பவர்களுக்கு ஐம்பதுகளின் ஜான்சன், எவின்ரூட் அவுட்போர்டு மோட்டார் ஒன்றின் ஃப்ளைவீலைக் கழற்றிக் காட்ட வேண்டும். படகின் பின்பக்கம் மாட்டுகிற இந்த சமாசாரத்துக்கு அமெரிக்காவில் இன்னும் ரசிகர்கள் உண்டு. அவர்களில் சிலருக்கு நட்டு, போல்ட்டு எல்லாமே அசலாக இருக்க வேண்டும். இருக்கட்டும். இக்னிஷன் காயிலுமா?

இதில் பாட்டரி கிடையாது. ஃப்ளைவீலில் பதித்த காந்தம் சுற்றுகிறது. பாயின்ட் திறக்கிற கணத்தில் காயிலின் தடித்த கம்பிச் சுற்றில் மின்சாரம் அறுபட, மெல்லிய கம்பியின் ஆயிரக்கணக்கான சுற்றுகளில் பல்லாயிரம் வோல்ட் எழும். 1831-ல் ஃபாரடே கண்டுபிடித்த அதே விஷயம்தான். அத்தனை வோல்ட்டையும் கட்டிப்போட அன்று காயிலுக்குப் போட்ட பிளாஸ்டிக் சட்டை, சூட்டிலும் ஈரத்திலும் கிடந்து வருஷக்கணக்கில் விரிசல் விடும். அப்புறம் மின்சாரம் ப்ளக் வரைக்கும் எதுக்குப் போகணும்? விரிசல் வழியே பக்கத்து இரும்பில் இறங்கிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், மல்ட்டிமீட்டர் 'காயில் ஓகே' என்று சத்தியம் செய்யும். அது கொடுப்பது சில வோல்ட். விரிசல் வேலையைக் காட்டுவது ஆயிரங்களில். ப்ளக்கை வெளியே எடுத்துப் பொறி பார்ப்பதும் போதாது. சிலிண்டருக்குள், அழுத்தத்தில், அதே பொறிக்கு இன்னும் அதிக வோல்ட் வேண்டும். கால் அங்குல இடைவெளியைத் தாண்டுகிறதா, அதைப் பாருங்கள்.

தாண்டவில்லையா? புதுக் காயில் கிடைக்கிறது, மாட்டுங்கள். அசலைக் கண்ணாடி அலமாரியில் வைத்துக் கும்பிடலாம், ஆட்சேபணை இல்லை. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நடு ஏரிக்குப் போகிற படகில் மட்டும் வேண்டாம். அங்கே கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றுபோகும்.