விற்ற வண்டியும் விடாத மனமும்



வீட்டில் நகையை விற்றால் நாம் அழுவோம். மோட்டார் சைக்கிளை விற்றால் வீட்டு ஆண் அழமாட்டார். ஆனால் அன்றிரவு சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். "பசியில்லை" என்பார். மறுநாள் தெருவில் அதே சத்தத்தோடு வேறொரு வண்டி போனால் ஜன்னலை எட்டிப் பார்ப்பார். "இரும்புக்கு இவ்வளவு துக்கமா?" என்று நாம் நினைப்போம். ஆனால் அந்த இரும்பு நம் வீட்டுக்கு என்னென்ன செய்தது என்று கணக்குப் பார்த்தோமா?

மலையகத்துச் சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஹட்டன் கடல்மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர். மழையும் பனிமூட்டமும் மாறி மாறி மூடும் ஊர்கள். பிரதான வீதியில் பஸ் ஓடும். அதைவிட்டுத் தோட்டப் பாதையில் இறங்கினால் நடை, இல்லையென்றால் ஆட்டோ. ஒரு காலத்தில் தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் என்றால் சின்னதுரையின் வண்டிதான். பிறகு அது ஆசிரியர் வீட்டுக்கு வந்தது, லயத்து இளைஞனிடம் வந்தது, நகரத்தில் புடைவைக் கடையும் பலசரக்குக் கடையும் வைத்திருக்கும் நம் வீட்டு வாசலுக்கும் வந்தது. காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டு, கடைச் சாமானைக் கட்டிக்கொண்டு தோட்டங்களுக்குப் போய், மாலையில் உம்மாவுக்கு மருந்து வாங்கி வரும் வண்டி அது. நடுச்சாமத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு அதில்தான் போக வேண்டும்.

அப்படிப்பட்ட வண்டியைப் பல வீடுகளில் ஏன் விற்றார்கள்? நாடு பட்ட பாடு அப்படி.

2020 மார்ச்சில், கொரோனாவும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் சேர்ந்து வந்த வேளையில், இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. சில மாதங்களில் திறந்துவிடும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். சொந்தப் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடையில் 2022 வந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. 2021 முடிவில் 177 ரூபாய்க்கு விற்ற ஒரு லீற்றர் பெற்றோல் 2022 ஜூன் இறுதியில் 470 ரூபாய். அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. ஜூன் கடைசியில் அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவித்தார்கள். பிறகு கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள்.

அரிசி விலை ஒருபக்கம், கடன்காரர் ஒருபக்கம். பெற்றோல் இல்லாமல் வண்டி சும்மா நிற்கிறது. "சும்மா நிற்பதை விற்றால் என்ன?" என்ற கேள்வி எழுந்தது இயல்புதானே? விற்றார்கள். 2023 செப்டெம்பரில் பங்கீடு நீங்கி, பெற்றோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகுதான் உண்மை உறைத்தது. விற்ற காசு கரைந்துவிட்டது. அதே மாதிரிப் பழைய வண்டியை வாங்கப் போனால், விற்ற விலைக்கு அதன் பக்கத்திலும் போக முடியவில்லை. புதிய வண்டிகளோ நாட்டுக்குள் வரவே இல்லை.

இங்கேதான் வீட்டுக்குள் ஒரு நெருப்பு பற்றுகிறது, சகோதரிகளே. "நீதானே விற்கச் சொன்னாய்" என்று அவர் ஒரு சொல் விடுவார். "கடனைத் தலையில் வைத்துக்கொண்டு வண்டி எதற்கு என்று சொன்னது நீங்கள்தானே" என்று நாம் ஒரு சொல் விடுவோம். வண்டி போய் மூன்று வருடமாகியிருக்கும். சண்டை மட்டும் வாசலிலேயே நிற்கும்.

இந்த வருத்தத்தைப் பிரித்துப் பார்த்தால் அதில் மூன்று வருத்தங்கள் இருப்பது தெரியும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

முதலாவது, விலையைப் பற்றிய வருத்தம். "இன்னும் ஒரு வருடம் வைத்திருந்தால் இவ்வளவு கிடைத்திருக்குமே!" இது வீண் வருத்தம். விற்ற அன்று வீட்டில் அரிசி தேவைப்பட்டது. அந்தக் காசு அரிசியானது, மருந்தானது. ரூபாய் இப்படிச் சரியும் என்று உங்கள் வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்? பசித்த நாளில் விற்றதை வயிறு நிறைந்த நாளின் கணக்கில் பார்ப்பது நியாயமில்லை.

இரண்டாவது, வேலையைப் பற்றிய வருத்தம். தோட்டத்து வியாபாரம் குறைந்துவிட்டது, பிள்ளை டியூஷனுக்குப் போக முடியவில்லை, ஆட்டோவுக்கே காசு போகிறது. இது உண்மையான வருத்தம். இதற்குக் கண்ணீர் மருந்தல்ல, கணக்குத்தான் மருந்து. உதாரணத்துக்கு, ஆட்டோவுக்கு நாளொன்றுக்கு 400 ரூபாய் போகிறது என்று வையுங்கள். மாதம் 25 நாளுக்கு 10,000, வருடத்துக்கு 1,20,000. வண்டிக்கும் பெற்றோல், டயர், காப்புறுதி என்று செலவுண்டு; அதைக் கழித்துப் பாருங்கள். மிஞ்சுவது பெரிய தொகையென்றால், பழையதைப் போலவே வேண்டும் என்று காத்திராமல், சிறியதாக ஒன்றுக்குச் சேர்க்கத் தொடங்குங்கள். மிஞ்சவில்லையென்றால், விற்றது சரிதான் என்று மனம் ஆறும்.

மூன்றாவது, நினைவைப் பற்றிய வருத்தம். அது மௌத்தாகிப்போன வாப்பாவின் வண்டியாக இருக்கலாம். கல்யாணமான புதிதில் உங்களை நானுஓயா வழியாக நுவரெலியாவுக்கு ஏற்றிப்போன வண்டியாக இருக்கலாம். ஜப்பானில் தபால்காரர்கள் ஓட்டி முடித்து, கப்பலேறி இலங்கைக்கு வந்த அந்தச் சிறிய எம்.டி. 90 ஆகவும் இருக்கலாம். இங்கே கணக்கு உதவாது. அவர் பேச விரும்பினால் பேசவிடுங்கள்; பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். வண்டி இல்லாவிட்டாலும் மூத்தாப்பாவின் கதை பிள்ளைகளுக்குக் கிடைக்கும்.

வாகனத்தை விற்ற வருத்தம் நம் காலத்தில் புதிதாக வந்ததல்ல. ஜாபிர் (ரலி) அவர்களின் ஒட்டகச் சம்பவத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவருடைய வாப்பா உஹதில் ஷஹீதானார். கடனையும் பெண் பிள்ளைகளையும் விட்டுச் சென்றார். தங்கைகளைப் பராமரிக்க வேண்டுமென்றே விதவையொருவரை மணந்தவர் ஜாபிர். ஒரு பயணத்திலிருந்து திரும்பும்போது களைத்துப் பின்தங்கிய அவருடைய ஒட்டகத்தை நபி (ஸல்) அவர்கள் விலைக்குக் கேட்டார்கள். தண்ணீர் சுமக்க வீட்டில் வேறு ஒட்டகம் இல்லை. ஆனாலும் மறுக்க வெட்கப்பட்டு, மதீனா சேரும்வரை தானே ஏறிவரும் நிபந்தனையோடு ஜாபிர் விற்றார். ஊர் வந்ததும் தாய்மாமன் விஷயத்தைக் கேட்டு அவரைக் கடிந்துகொண்டார். நபி (ஸல்) அவர்களோ விலையையும் கொடுத்தார்கள், ஒட்டகத்தையும் அவருக்கே திருப்பிக் கொடுத்தார்கள்.

இதில் நமக்கு இரண்டு படிப்பினைகள் இருக்கின்றன. விற்றுவிட்டு வந்தவரைக் கடிந்துகொள்ள வீட்டில் ஓர் ஆள் எப்போதும் இருப்பார். நாம் அந்த ஆளாக இருக்க வேண்டியதில்லை. இன்னொன்று, வாங்கியவருக்கும் ஒரு கடமை உண்டு. விற்றவர் மனம் வருந்தி வந்து கேட்டால், வாங்கிய விலைக்கே வியாபாரத்தை முறித்துப் பொருளைத் திருப்பிக் கொடுப்பதை 'இகாலா' என்று மார்க்கம் சொல்கிறது. கட்டாயமல்ல, ஆனால் செய்தவருக்கு நன்மை சொல்லப்பட்ட காரியம். நாளை உங்கள் வீட்டுக்கு ஒரு வண்டி மலிவாக வந்து, அதை விற்றவர் இரண்டு நாளில் வாசலில் வந்து நின்றால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

"வண்டி ஆண்கள் சமாச்சாரம், நமக்கென்ன?" என்று சில சகோதரிகள் ஒதுங்கிக்கொள்வதுண்டு. அது சரியல்ல. 1946இல், யுத்தத்தில் நொந்துபோன ஜப்பானில், சொய்சிரோ ஹொண்டா இராணுவம் விட்டுப்போன சிறிய எஞ்சினொன்றைச் சைக்கிளில் பூட்டினார். அவருடைய மனைவி உணவுப் பொருள் தேடி நெடுந்தூரம் சைக்கிள் மிதித்துத் திரிந்த காலம் அது. அந்த வண்டியை முதலில் ஓட்டிப் பார்த்தவர்களில் அவரும் ஒருவர். 1958இல் வந்த சூப்பர் கப் வண்டியில் பாவாடை அணிந்தவர்களும் ஏறுவதற்கு வசதியாக நடுவில் இடம் விட்டார்கள். அந்த வகை வண்டிகள் 2017க்குள் பத்துக் கோடி உற்பத்தியாகிவிட்டன. ஆகவே அடுப்படிக் கஷ்டத்துக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பழைய உறவுண்டு. பல வீடுகளில் அதை வாங்கியதே நம் கைவளையலை விற்றுத்தான். வாங்கும்போது பங்குள்ளவளுக்கு, விற்கும்போதும் ஒரு சொல் சொல்ல உரிமை உண்டு.

இனி விற்க வேண்டிய நிலை வந்தால் என்ன செய்யலாம்?

பதறிய வாரத்தில் விற்காதீர்கள். ஒரு தாளில் அந்தப் பொருள் ஒரு வாரத்தில் செய்யும் வேலைகளை எழுதுங்கள். தையல் மெஷின், பசுமாடு, மோட்டார் சைக்கிள் எல்லாம் சம்பாதிக்கும் பொருள்கள். அலுமாரியில் சும்மா இருப்பதை முதலில் விற்று, சம்பாதிப்பதைக் கடைசிக்கு வையுங்கள்.

விற்றுத்தான் ஆகவேண்டும் என்றால், தெரிந்தவருக்கு விற்கப் பாருங்கள். "திரும்ப விற்பதானால் முதலில் எங்களிடம் சொல்லுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

பத்திரங்களில் கவனம் வேண்டும். பெயரை மாற்றாமல், வெறுமனே கையெழுத்து வைத்துக் கொடுத்துவிடும் பழக்கம் நம் நாட்டில் இருக்கிறது. வண்டி நாலு கை மாறி எங்கோ விபத்தில் சிக்கினால், பொலிஸ் தேடி வருவது புத்தகத்தில் பெயருள்ளவரின் வீட்டுக்குத்தான். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மாறியது என்று உறுதியாகும்வரை, வாங்கியவரின் அடையாள அட்டைப் பிரதியையும் கொடுத்த நாள், நேரம் எழுதிய தாளையும் பத்திரமாக வையுங்கள்.

ஏற்கெனவே விற்றுவிட்டவர்களுக்கு ஒன்று சொல்வேன். வண்டியைத் திரும்ப வாங்க முடியுமோ முடியாதோ, "நீதானே", "நீங்கள்தானே" என்ற இரண்டு சொற்களையும் இன்றே வீட்டிலிருந்து வெளியேற்றுங்கள். அந்தக் கஷ்ட காலத்தில் இருவரும் சேர்ந்து பிள்ளைகளைப் பட்டினி போடாமல் காப்பாற்றினீர்கள். வண்டி போனதும் அதற்காகத்தான்.

அடுத்த மாதம் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.