கானமயிலைப் பார்க்கத் தனியே போனேன்

சென்ற இதழில் கூழ்வடாம் பக்குவம் எழுதியவள், இப்போது பாலைவனத்தைப் பற்றி எழுத வந்துவிட்டாளே என்று சிரிக்காதீர்கள், சகோதரிகளே! நாற்பத்தெட்டு வயது வரை சத்திரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி நான் தனியாகப் போனதில்லை.

தை மாதம் இவர் என்னை ஜோத்பூரில், வேலையாக இருக்கும் மகனிடம் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பினார். மகன் மூன்று நாள் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லியிருந்தான். கடைசி நிமிஷத்தில் அவனுக்கு லீவு இல்லையென்று ஆகிவிட்டது. "நானே போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் வயிற்றைக் கலக்கியது.

போனில் இவர், "தனியாவா? பேசாம ஆத்துல இரு" என்றார். பக்கத்திலிருந்த மாமியார் போனை வாங்கி, "போயிட்டு வரட்டும்டா. நான்தான் காவேரிப் பாலத்தைத் தாண்டாமலே இருந்துட்டேன்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

முதல் நாள் கேஜர்லி கிராமம். 1730-ல் மன்னரின் ஆட்கள் மரம் வெட்ட வந்தபோது, அமிர்தா தேவி என்ற பெண்மணி மரத்தைக் கட்டிக்கொண்டு உயிரை விட்டாளாம். அவளையும் சேர்த்துப் பிஷ்னோய் மக்கள் 363 பேர் மாண்டார்கள். என்ன மரம் தெரியுமா? விருத்தாசலம் கோயிலில் ஸ்தல விருட்சமாக இருக்கிறதே, நம் வன்னி மரமேதான்!

மறுநாள் பஸ்ஸில் பலோடி பக்கம் கீச்சன் கிராமம். மத்திய ஆசியாவிலிருந்தும் மங்கோலியாவிலிருந்தும் குளிர்காலத்துக்கு வரும் குர்ஜா என்ற நாரைகள் ஆயிரக்கணக்கில் நின்றன. ஊர்க்காரர்களே தானியம் இறைக்கிறார்கள். நாம் காக்கைக்குச் சாதம் வைப்பதில்லையா, அது போலத்தான். பஸ்ஸில் முக்காடு போட்ட ஒரு அம்மாள் கம்பு ரொட்டி கொடுத்தாள். நான் தட்டை கொடுத்தேன். பிராத்மிக் பாஸ் பண்ணிய இந்தி அந்த அளவுக்குப் போதுமானதாக இருந்தது.

மூன்றாம் நாள் விடியற்காலை, ஜெய்சல்மேரிலிருந்து ஜீப்பில் பாலைவன தேசியப் பூங்கா. பரப்பு 3,162 சதுர கிலோமீட்டர். மணல்மேடு மட்டும்தான் இருக்குமென்று நினைத்திருந்தேன். புல்லும் முள்செடியுமாகப் பெரிய பொட்டல். சிங்காரா மான்கள் எங்களைப் பார்த்ததும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடின. இலையிலும் பனியிலும் உள்ள ஈரத்தைக் கொண்டே பல நாள் தண்ணீரில்லாமல் இருக்குமாம். ஒரு நரி ஜீப்பை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, தன் வேலையைப் பார்க்கப் போயிற்று.

வெகு நேரம் காத்திருந்தோம். டிரைவர் மெதுவாகக் கை காட்டினார். தூரத்தில் ஒரு கானமயில்! பள்ளியில் மூதுரையில் படித்தது காட்டு மயில். இது வேறு பறவை, தோகை கிடையாது. நெருப்புக்கோழியைச் சிறிதாக்கினாற்போல உயரக் கழுத்து. பால் பொங்கும் நேரம்கூட இருக்காது, புல்லுக்குள் மறைந்துவிட்டது.

நாட்டிலேயே இப்போது சுமார் 150தான் மிச்சமாம். முன்னால் இருப்பது அதற்குச் சரியாகத் தெரியாதாகையால், மின்கம்பியில் மோதிச் சாகிறது. பெட்டை பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான் இடும், அதுவும் வெறும் தரையில். ஆண் உதவிக்கு வராது. அடை காப்பதும் குஞ்சை வளர்ப்பதும் அவள் ஒருத்திதான்.

தனியே புறப்படும் சகோதரிகளுக்குச் சில யோசனைகள். ஒரு பாட்டிலில் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். தையில் இரவு நடுக்கும், ஸ்வெட்டர் அவசியம். பணத்தை இரண்டு இடத்தில் பிரித்து வையுங்கள். பகல் பஸ்ஸிலேயே போங்கள். ஏறியதும் பஸ் நம்பரை வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள். பூங்காவுக்குள் ஜீப்பை விட்டு இறங்காதீர்கள்.

ஊர் திரும்பியதும் இவர், "பயமா இல்லையா?" என்றார். "இருந்தது. முதல் பஸ் ஏறினப்புறம் குறைஞ்சுது" என்றேன்.

மாமியார் முழுக் கதையும் கேட்டார். கடைசியில், "அது இரை தேடப் போறச்சே முட்டையை யாருடி பாத்துப்பா?" என்றார்.

"யாரும் இல்லேம்மா. அதான் 2019லேர்ந்து, சாம் ஊர்ல முட்டையைப் பத்திரமா கொண்டுவந்து பொரிக்க வைக்கறா. 2024ல செயற்கைக் கருவூட்டல்லகூட ஒரு குஞ்சு பொரிஞ்சுதாம்."

"நன்னா இருக்கட்டும்" என்றார். சற்றுப் பொறுத்து, "அடுத்த தடவை கோடிக்கரைக்கு மான் பாக்கப் போலாமா? நானும் வரேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு இப்போதே புளிக்காய்ச்சல் தயார்!