உம்மாவின் காப்பும் மகனின் அம்ப்பும்

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் கிட்டார் வைத்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோரும், அந்தப் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும் காக்காமாரும் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். இசை கூடுமா கூடாதா என்ற விவாதத்தை இதற்குள் கொண்டுவர வேண்டாம். அதற்குரியவர்கள் ஊரில் இருக்கிறார்கள். இது காசு பற்றிய பதிவு.

போன வெள்ளி அஸருக்குப் பிறகு ஒரு உம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். மகன் தரம் 11, என்னிடம் கணிதம் படிக்கிறவன். வாப்பா கத்தாரில்.

"சேர், இவன் ஒரு பெட்டி கேக்கிறான். கிட்டாருக்குக் கொழுவுற பெட்டியாம். அது இல்லாட்டி வாசிக்கவே வராதாம். ஒன்றரை லட்சமாம். என்ட காப்பை ஈடு வெச்சா வாங்கலாம். வெக்கட்டா சேர்?"

மகனைக் கூப்பிட்டு விசாரித்தேன். மாமா கொடுத்த எலக்ட்ரிக் கிட்டார் ஏழு மாதமாக அவனிடம் இருக்கிறது. ஜி கோர்ட்டிலிருந்து சி கோர்ட்டுக்கு விரல் மாற்றுவதற்குள் பாட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. இந்தப் பெட்டியை யார் வாங்கச் சொன்னது என்று கேட்டேன். "காக்காமார்தான் சேர். சின்ன அம்ப் வாங்கினா காச கடல்ல போட்ட மாதிரியாம். பெரிசு வாங்கினாத்தான் கை வருமாம்."

அந்தக் காக்காமாரில் சிலர் என் பழைய மாணவர்கள். இதை வாசிக்கவும் செய்வார்கள். ஆகவே நேரடியாகவே சொல்கிறேன்: தம்பிமாரே, நீங்கள் அந்தப் பிள்ளைக்குச் சொன்னது பிழை. தெரியாமல் சொன்னால் மன்னிக்கலாம். உங்களில் சிலருக்கு நன்றாகவே தெரியும்.

முதலில் அம்ப் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். கிட்டார் கம்பிக்குக் கீழே காந்தமும் செப்புக்கம்பிச் சுருளும் இருக்கின்றன. கம்பி அதிரும்போது சுருளில் மிகச் சிறிய மின்சாரம் பிறக்கிறது. அம்ப் அதைப் பெரிதாக்குகிறது, கொஞ்சம் நிறம் பூசுகிறது, ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. விரல் பிந்தினால் அந்தப் பிந்தலையும் பெரிதாக்கியே அனுப்பும். தாளம் தவறினால் அதைத் திருத்துவதற்கு அதற்குள் எந்தக் குமிழும் இல்லை.

அடுத்தது வாட் கதை. 10 வாட்டை விட 100 வாட் பத்து மடங்கு சத்தம் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். சக்தி பத்து மடங்கானால் கூடுவது 10 டெசிபல். நம் காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத்தான் கேட்கும். சக்தியை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. உயர்தரத்தில் மடக்கை படித்த பிள்ளையிடம் கேளுங்கள், விளக்குவான்.

வால்வு அம்ப் பற்றிப் பேசும் காக்காமாருக்கு இன்னொன்று. வால்வு அம்ப்பின் அந்தக் கரகரப்பான இனிமை உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அதைத் தள்ளி வேலை வாங்கினால்தான் அந்த ஓசை வரும். 50 வாட் வால்வு அம்ப்பை அந்த அளவுக்குத் திருகினால் நம்மட ஊர் வீடுகளில் அடுத்த வளவு ஆட்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்கள். ஆகவே பிள்ளை அதை ஒன்றிலோ ஒன்றரையிலோ வைத்து வாசிப்பான். எந்த ஓசைக்காக ஒன்றரை லட்சம் கொடுத்தோமோ அந்த ஓசை வீட்டுக்குள் ஒருநாளும் வராது.

"பெரிய கலைஞர்கள் எல்லாம் பெரிய அம்ப்தானே வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்பீர்கள். சரி, அவர்கள் கதையையே பார்ப்போம்.

நீங்கள் பெயர் சொல்லிக் கனவு காணும் மார்ஷல் அம்ப் எப்படி வந்தது? ஜிம் மார்ஷல் லண்டன் ஹான்வெல் பகுதியில் கடை வைத்திருந்தார். அடிப்படையில் டிரம்ஸ் வாசிப்பவர், டிரம்ஸ் ஆசிரியர். அமெரிக்காவிலிருந்து வந்த ஃபெண்டர் அம்ப்கள் அங்குள்ள இளைஞர்களுக்கு எட்டாத விலை. ஆகவே 1962இல் ஃபெண்டர் பாஸ்மன் அம்ப்பின் சுற்றைப் பார்த்து அவரும் அவரது ஆட்களும் உள்ளூரில் கிடைத்த பாகங்களால் ஒன்றைச் செய்தார்கள். விலை கட்டாதவர்களுக்காகச் செய்த மாற்று அது. இன்று அதே பெயரைச் சொல்லித்தான் ஒரு உம்மாவின் காப்பைக் கழற்றப் பார்க்கிறீர்கள்.

1964இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் எல்பிக்கோ என்ற மலிவான சின்ன அம்ப்பின் ஸ்பீக்கர் தாளைச் சவர பிளேடால் கீறி ஒரு புது ஓசையை எடுத்தார். 1969இல் வந்த லெட் செப்பலின் முதல் இசைத்தட்டில் ஜிம்மி பேஜ் பயன்படுத்தியது சுப்ரோ என்ற சிறிய அம்ப். குயீன் குழுவின் ஜோன் டீக்கன் இலத்திரனியல் படித்தவர். குப்பைத் தொட்டியில் கிடந்த ஒரு சுற்றுப் பலகையை எடுத்து, பழைய ஸ்பீக்கர் பெட்டிக்குள் பொருத்தி, 9 வோல்ட் பற்றரியில் ஓடும் ஒரு அம்ப்பைச் செய்தார். சத்தம் கூட்டிக் குறைக்கும் குமிழ் கூட அதில் இல்லை. அதில் கொழுவித்தான் பிரையன் மே குயீனின் பல பதிவுகளில் வாசித்தார்.

இந்தக் கதைகளை ஒருபக்கமாகச் சொல்லிவிட்டுப் போனால் நானும் உங்களைப் போலத்தான். மறுபக்கத்தையும் சொல்கிறேன். அந்தச் சின்னப் பெட்டிகளுக்கு முன்னால் நல்ல மைக்கும் கைதேர்ந்த ஒலிப்பதிவாளர்களும் இருந்தார்கள். பேஜும் மேயும் மேடையில் பெரிய அம்ப்களையும் பயன்படுத்தினார்கள். கருவி ஒன்றுமே இல்லை, எல்லாம் திறமைதான் என்று அடித்துச் சொல்கிறவரையும் நான் நம்புவதில்லை. பெரும்பாலும் அவர் வீட்டில் நல்ல கருவி இருக்கும். இல்லாதவனைப் பார்த்து "உனக்கு அது தேவையில்லை" என்று சொல்வது சுலபம்.

ஆகவே கருவியும் தேவைதான். என் சண்டை வரிசை பற்றியது. எது முந்தி, எது பிந்தி?

இதைச் சோதித்துப் பார்க்க எங்கள் வீட்டு முன் அறையில் ஒரு வேலை செய்தேன். ஒரு நண்பரின் விலைகூடிய 50 வாட் அம்ப்பையும், பழைய மாணவன் ஒருவனின் 10 வாட் சின்ன அம்ப்பையும் அருகருகே வைத்தேன். இரண்டின் சத்தத்தையும் காதால் கேட்டுச் சமப்படுத்தினேன். ஒரே கிட்டார். வாசித்தவர்கள் இருவர்: ஆறு வருடம் வாசித்த அந்தப் பழைய மாணவன், ஏழு மாதம் வாசித்த இந்தப் பிள்ளை. கேட்க உட்கார்ந்தவர்கள் ஐந்து பேர், எல்லோரும் சுவரைப் பார்த்தபடி.

பழைய மாணவன் வாசித்தபோது ஐந்து பேரில் நால்வர் எது பெரிய அம்ப் என்று சரியாகச் சொன்னார்கள். காக்காமாரே, சந்தோஷப்படுங்கள், வித்தியாசம் இருக்கிறது. பிறகு சின்னவன் வாசித்தான். இரண்டு அம்ப்பிலும் வாசித்தான். எவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. தடுமாற்றம்தான் முன்னுக்கு நின்றது. அம்ப்பின் ஓசை அதற்குப் பின்னால் மறைந்துவிட்டது. எங்கள் வீட்டுப் பிள்ளையும் அதையேதான் சொன்னாள்: "வாப்பா, ரெண்டும் ஒண்டுதான்."

ஐந்து பேர், ஒரு அறை. இதை ஆராய்ச்சி என்று சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு விளங்கியது இதுதான்: நல்ல அம்ப்புக்குக் கொடுக்கும் காசு, வாசிக்கத் தெரிந்த கையில்தான் காதுக்குக் கேட்கும். கை வருமுன் வாங்கினால் அந்தக் காசு எவருக்கும் கேட்காது, அதை வாங்கியவனுக்கும் கேட்காது.

"சின்ன அம்ப்பில் வாசித்தால் ஓசை பிடிக்காமல் பிள்ளை ஆசை விட்டுப்போவான்" என்று ஒரு தம்பி எனக்கு எழுதினார். நியாயமான வாதம். ஆனால் பிள்ளைகள் கிட்டாரை விடுவதற்கு நான் கண்ட காரணம் வேறு. கம்பி பலகையிலிருந்து உயர்ந்து நின்று விரல் நுனி புண்ணாகிறது. துருப்பிடித்த கம்பியை வருடக்கணக்கில் மாற்றுவதில்லை. சுருதி சேர்க்கத் தெரியாது, ஆகவே சரியாகப் பிடித்த கோர்ட்டும் பிழையாகக் கேட்கிறது. இவற்றைத் திருத்தச் சில ஆயிரம் ரூபா போதும். அந்தப் பிள்ளையின் கிட்டாரைத் தூக்கிப் பார்த்தேன், மூன்றுமே இருந்தன. ஏழு மாதமாக இதைச் சொல்ல ஒரு காக்காவும் இல்லை, ஒன்றரை லட்சத்துப் பெட்டியைப் பற்றிச் சொல்ல மட்டும் பலர்.

பெற்றோருக்குச் சில விடயங்கள்:

ஒன்று. வீட்டில் பழகுகிறவனுக்கு 10 முதல் 20 வாட் வரை போதும். ஹெட்போன் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இரவிலும் பழகலாம், வீட்டில் ஓதுகிறவருக்கும் தொழுகிறவருக்கும் இடைஞ்சல் இல்லை.

இரண்டு. வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்தால் பின்னால் உள்ள வோல்ட் அளவை வாசியுங்கள். ஜப்பானில் 100, அமெரிக்காவில் 120, நமக்கு 230. பொருத்தமான டிரான்ஸ்போமர் இல்லாமல் கொழுவினால் அன்றைக்கே புகை வரும். எர்த் கம்பி உள்ள மூன்று முள் பிளக் முக்கியம். கிட்டார் கம்பி கையில் தொடும் உலோகம் என்பதை மறக்க வேண்டாம். வால்வு அம்ப்பை வீட்டில் திறக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்சாரம் தங்கி நிற்கும்.

மூன்று. பாவித்த பொருளானால் அரை மணி நேரம் ஓடவிட்டு, எல்லாக் குமிழையும் திருகிக் கேட்டு வாங்குங்கள்.

நான்கு. பாடசாலை மேடையிலோ கலியாண வீட்டிலோ வாசிக்கப் பெரிய அம்ப் வேண்டும் என்று யாரும் பயமுறுத்த வேண்டாம். சின்ன அம்ப்புக்கு முன்னால் ஒரு மைக்கை வைத்தால் சவுண்ட் செட் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

ஐந்து. ஃபோனில் இலவசமாக மெட்ரோனோம் கிடைக்கிறது. சுருதி சேர்க்கும் செயலியும் கிடைக்கிறது. தினமும் அரை மணி நேரம் அதோடு உட்கார்ந்தால் ஆறு மாதத்தில் என்ன வருகிறது என்று பாருங்கள். வராவிட்டால் என்னிடம் வந்து கேளுங்கள்.

அந்த உம்மாவிடம் காப்பை ஈடு வைக்க வேண்டாம் என்றேன். பழைய மாணவன் தன்னுடைய 10 வாட் அம்ப்பை ஓ.எல். பரீட்சை முடியும் வரை அவனுக்கு இரவலாகக் கொடுத்திருக்கிறான். கம்பி மாற்றியாயிற்று. கழுத்துப் பகுதியைச் சீர்செய்து கம்பியைப் பதித்தும் கொடுத்தாயிற்று. அடுத்த வருடமும் அவன் கை நிற்காமல் ஓடினால், நல்லதொரு அம்ப் வாங்க நானும் ஒரு பங்கு போடுவேன். இதைப் பொது இடத்தில் எழுதிவைக்கிறேன், பிறகு மறுக்க மாட்டேன்.

காக்காமாருக்குக் கடைசியாக ஒன்று. உங்களுக்கு நல்ல அம்ப் இருந்தால் சந்தோஷம், உழைத்து வாங்கினீர்கள். அதைப் பெரிசாக்கிப் பேசும் நேரத்தில் சனிக்கிழமை பின்னேரம் ஒரு மணித்தியாலம் ஒதுக்கி அந்தப் பிள்ளைக்கு ஜி-யிலிருந்து சி-க்கு மாறக் காட்டிக்கொடுங்கள். எங்கள் வீட்டு முன் அறை திறந்தே இருக்கும், தேத்தண்ணி நான் தருகிறேன்.

மாற்றுக் கருத்துள்ளவர்கள் தாராளமாகக் கீழே எழுதுங்கள். அந்தப் பிள்ளையின் பெயர் தெரிந்தவர்கள் தயவுசெய்து இங்கே எழுத வேண்டாம். அவன் பரீட்சைக்குப் படிக்கிறான்.