காற்று எவருக்குச் சொந்தம்?



தென்றல் வீசத் தொடங்கிய பங்குனி மாதத்தில் ஒருநாள் மாலை, நம் பங்கைச் சார்ந்த இரு குடும்பத் தலைவர்கள் ஒருவர்பின் ஒருவராக நம் இல்லத்திற்கு வந்தனர். ஒருவர் மாந்தோப்பு வைத்திருப்பவர். மற்றவர் அத்தோப்புக்குத் தெற்கே செங்கற்சூளை நடத்துபவர். சூளைப் புகை படிந்து மாம்பிஞ்சுகளின் நுனி கருகுகிறது, காய் தேறாமல் உதிர்கிறது என்பது முன்னவருடைய முறையீடு. பின்னவர் சினங்கொள்ளவில்லை; அமைதியாகவே கேட்டார்: “சாமி, சூளை என் பட்டா நிலத்தில் இருக்கிறது. ஒரு செங்கல்லாவது அவர் வரப்பைத் தாண்டியதுண்டா? புகை காற்றோடு போகிறது. காற்று என்ன எனக்கா சொந்தம்?”

தக்க விடை அந்நேரத்தில் நமக்குத் தோன்றவில்லை. ஞாயிறு பூசைக்குப் பின் இருவரும் சேர்ந்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அவர்கள் சென்றபின்தான், இதே கேள்வியை இரண்டு நாடுகள் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு, விடை காண 13 ஆண்டுகள் செலவிட்ட வரலாறு நினைவுக்கு வந்தது. நாடுகளுக்கிடையே இன்று வழங்கும் சுற்றுச்சூழல் சட்டத்தின் ஆணிவேர் அவ்வழக்கிலேதான் இருக்கிறது. சட்டம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. இது உழவர்களின் கதை.

கனடா நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில், கொலம்பியா ஆற்றின் கரையில் திரெயில் என்றோர் ஊர் உண்டு. 1896-ஆம் ஆண்டில் அங்கே உலோகம் உருக்கும் ஆலை ஒன்று எழுந்தது. 1906-இல் அது பெரிய நிறுவனம் ஒன்றின் கைக்கு மாறி, ஈயமும் துத்தநாகமும் உருக்கும் பேராலையாக வளர்ந்தது. கனிமத்தில் கந்தகம் கலந்திருந்தமையால், அதை உருக்கும்போது கந்தக டையாக்சைடு என்னும் நெடிமிக்க வாயு வெளிப்பட்டது. 1925-லும் 1927-லும் 409 அடி உயரத்தில் இரண்டு புகைபோக்கிகளைக் கட்டினார்கள். உயரத்தில் விட்டால் புகை கலைந்துவிடும் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் அது குறுகிய பள்ளத்தாக்கு, இருமருங்கும் மலைகள். புகை கலையாமல், ஆறு சென்ற வழியே தெற்கு நோக்கி இறங்கியது. நேர்க்கோட்டில் ஏறத்தாழ 7 மைல் சென்றால் அமெரிக்க ஐக்கிய நாட்டின் எல்லை. அதற்கப்பால் வாஷிங்டன் மாநிலத்து உழவர்களின் வயல்கள், மேய்ச்சல் நிலங்கள், காடுகள். 1930-ஆம் ஆண்டளவில் நாள்தோறும் 600 டன்னுக்கு மேற்பட்ட கந்தக டையாக்சைடு அப்பள்ளத்தாக்கில் கலந்தது. பயிரின் இலைகள் பழுத்தன. மரங்கள் வளர்ச்சி குன்றின.

உழவர்கள் எங்கே போய் முறையிடுவார்கள்? ஆலையோ கனடாவில் இருந்தது. அமெரிக்க நீதிமன்றத்தின் கை அங்கே எட்டாது. கனடா நீதிமன்றமோ வேற்று நாட்டு நிலத்துக்கு நேர்ந்த கேட்டை விசாரிக்க முன்வராது. பணம் கொடுத்து நிலங்களை வாங்கிவிடலாம் என்றால், அயல்நாட்டார் நிலம் வாங்குவதை வாஷிங்டன் மாநிலச் சட்டம் தடுத்தது. புகைக்கு எல்லைச் சாவடி இல்லை. நீதிக்கு மட்டும் இருந்தது.

1928-இல் உழவர்கள் தமக்கென ஒரு பாதுகாப்புச் சங்கம் அமைத்தனர். அவர்கள் எழுப்பிய கூக்குரலால் வழக்கு இரு அரசுகளின் கைக்குச் சென்றது. எல்லை நீர்நிலைகளைக் குறித்து 1909-இல் செய்துகொண்ட உடன்படிக்கையால் தோன்றிய கூட்டு ஆணையம் ஆராய்ந்து, 3,50,000 டாலர் ஈடு தரலாம் என்று 1931-இல் பரிந்துரைத்தது. போதாது என்று அமெரிக்கா மறுத்தது. 1935-இல் ஒட்டாவா நகரில் புதிய உடன்படிக்கை எழுதி, பெல்ஜியம் நாட்டவர் ஒருவரைத் தலைவராகவும், அமெரிக்கர் ஒருவரையும் கனடியர் ஒருவரையும் உறுப்பினராகவும் கொண்ட நடுவர் மன்றம் ஒன்றை நிறுவினர். அறிவியலார் பயிர்களைப் புகைக்கு உட்படுத்திப் பார்த்தனர். மரங்களின் வளர்ச்சி வளையங்களை எண்ணினர். காற்றின் போக்கை அளந்தனர்.

அமெரிக்கா வட்டியும் சேர்த்து 20 லட்சம் டாலருக்கு மேல் கேட்டது. 1932 முதல் 1937 வரை நேர்ந்த கேட்டிற்காக 1938-இல் மன்றம் வழங்கியது 78,000 டாலர். கேட்டதில் நூற்றுக்கு நான்கு பங்குகூட இல்லை! கடைகளுக்கும் தொழில்களுக்கும் நேர்ந்த நட்டம் சுற்றி வந்த நட்டம் என்று தள்ளப்பட்டது. அவ்வூர் உழவர்கள் அதைக் கேட்டு என்ன நினைத்திருப்பார்கள் என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு.

ஆயினும் 1941 மார்ச் 11-ஆம் நாள் அதே மன்றம் கூறிய இறுதித் தீர்ப்பு உலக வரலாற்றில் நிலைத்தது. எந்த நாடும் தன் எல்லைக்குள் இருக்கும் நிலத்தை, அயல்நாட்டின் நிலத்துக்கும் மக்களுக்கும் புகையால் பெருந்தீங்கு நேரும்படி பயன்படுத்தவோ, பயன்படுத்த விடவோ உரிமையுடையதன்று என்பதே அதன் சாரம். நீ செய்யாவிடினும், உன் நிலத்தில் பிறரைச் செய்யவிட்டால் நீயும் பொறுப்பு என்னும் இரண்டாம் பகுதியை நன்கு கவனிக்க வேண்டும். காற்றின் போக்குக்கேற்ப மணிக்கு இவ்வளவுதான் வாயுவை வெளிவிடலாம் என ஆலைக்கு அளவும் விதித்தார்கள். இதற்கிடையே நிறுவனம், வானத்தில் விட்டு வீணாக்கிய கந்தகத்தை அமிலமாக்கி அதைக்கொண்டு உரம் செய்து விற்கத் தொடங்கியிருந்தது. உழவரை வாட்டிய அதே கந்தகம் மூட்டையில் கட்டி உழவருக்கே திரும்பி வந்தது!

உன் உடைமையைப் பிறர் உடைமைக்குக் கேடு வராதபடி பயன்படுத்து என்னும் பொருளில் இலத்தீன் முதுமொழி ஒன்று உண்டு: சிக் ஊத்தேரே தூவோ ஊத் ஆலியேனும் நோன் லேதாஸ். அண்டை வீட்டார் இருவருக்கு உரிய இந்நெறியை அண்டை நாடுகள் இரண்டிற்கு விரித்ததே திரெயில் தீர்ப்பின் பெருமை. நெறியோ மிகப் பழமையானது. விடுதலைப் பயண நூலின் 22-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தன் கால்நடையைப் பிறன் வயலில் மேயவிட்டவன், தன் விளைச்சலில் சிறந்ததைக் கொண்டு ஈடுசெய்ய வேண்டும். ஒருவன் மூட்டிய தீ முட்செடிகளில் பற்றிப் பரவிப் பிறனுடைய கதிர்க்கட்டுகளை எரித்துவிட்டால், தீ மூட்டியவனே ஈடு செலுத்த வேண்டும். தீயைக் கொண்டுபோனது காற்றுதானே என்னும் வாதத்திற்கு மோசேயின் சட்டத்தில் இடமில்லை.

ஆனால் திரெயில் தீர்ப்பில் ஒரு குறை உண்டு, அதை மறைக்கலாகாது. தீங்கு பெரியதாக இருக்க வேண்டும், தெளிவான சான்றுகளால் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்று மன்றம் கூறியது. மெய்ப்பிப்பவர் யார்? இருமுகிறவர்தாம்; புகை விடுகிறவர் அல்லர். அன்றியும் மன்றம் புகையை மட்டுமே விசாரித்தது. அதே ஆலை உருக்கிய உலோகக் கசடைக் கொலம்பியா ஆற்றில் கொட்டிவந்தது. 1995 வரை அது நிற்கவில்லை. கீழ்க்கரையில் வாழும் கொல்வில் பழங்குடியினர் 2004-இல் வழக்குத் தொடுத்தபின், அக்கசடு எல்லைதாண்டி வந்து ஆற்றில் கிடக்கிறது என்பதை 2012-இல்தான் நிறுவனம் ஒப்புக்கொண்டது. முறையிட்டவர்கள் புகையைச் சொன்னார்கள். சட்டமும் புகையோடு நின்றது.

அந்நாள் முதல் இந்நாள் வரை இச்சட்டத்தின் வரலாற்றை, மெய்ப்பிக்கும் சுமை துன்புற்றவர் தோளிலிருந்து செய்தவர் தோளுக்கு மெல்ல மெல்ல மாறிய வரலாறு என்றே நாம் படிக்கிறோம்.

1972 ஜூன் மாதம் சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் நகரில் 113 நாடுகள் கூடின. பிற நாட்டு ஆலைகளின் கந்தகம் மழையோடு கலந்து தன் ஏரிகளில் விழுவதைக் கண்டு வருந்திய நாடு சுவீடன். எனவே மாநாட்டை அங்கே கூட்டியது பொருத்தமே. தன் வளத்தைப் பயன்படுத்தும் உரிமை ஒவ்வொரு நாட்டிற்கும் உண்டு, அதனால் பிற நாட்டிற்குக் கேடு வராமல் காக்கும் கடமையும் உண்டு என்று அம்மாநாட்டு அறிக்கையின் 21-ஆம் நெறி கூறிற்று. திரெயிலின் குரல் அதில் ஒலிக்கிறது. வறுமையை ஒழிக்காமல் சுற்றுச்சூழலைக் காக்க முடியாது என்று இந்திரா காந்தி அம்மையார் அங்கே பேசினார். இயற்கையைக் கண்மூடிச் சுரண்டும் மனிதன் அக்கேட்டுக்குத் தானே இரையாவான் என 1971-லேயே எச்சரித்திருந்த திருத்தந்தை ஆறாம் பவுல் அம்மாநாட்டிற்குச் செய்தி அனுப்பினார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய சுற்றுமடலைக் கண்டு, திருச்சபைக்கு இதில் என்ன வேலை என வியந்தவர்கள் இதை அறிந்திருக்கமாட்டார்கள்.

அடுத்த படி, தீங்கு வருமுன் காத்தல். வானத்தின் ஓசோன் படலம் தேய்வதற்குக் குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட வாயுக்கள் காரணமா என்னும் ஆராய்ச்சி முற்றுப்பெறுமுன்பே, 1987 செப்டம்பரில் மாண்ட்ரியல் நகரில் நாடுகள் அவற்றைக் குறைக்க உடன்பட்டன. பின்னர் உலக நாடுகள் யாவும் அதில் சேர்ந்தன. 1992-இல் ரியோ டி ஜெனிரோ மாநாடு இதையே நெறியாக வகுத்தது: மீளாத கேடு அச்சுறுத்தும்போது, அறிவியல் இன்னும் முழு உறுதி கூறவில்லை என்பதைச் சாக்காகக் காட்டிக் கைகட்டி நிற்கலாகாது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்பதும் அங்கே பொறிக்கப்பட்டது. இந்தப் பின்னதைச் சிலர் தவறாகக் கொள்கிறார்கள். பணம் கட்டினால் கெடுக்கலாம் என்பது பாவத்திற்கு முன்பணம் கட்டுவதை ஒக்கும். திருடியதை ஒப்புரவு அருட்சாதனத்தில் அறிக்கையிட்டால் மட்டும் போதாது, பொருளையும் திருப்பித் தர வேண்டும் என்று குருமடத்தில் கற்றோமே, அந்த ஈடுசெய்யும் கடமைதான் இது.

ரியோவில் எழுதியது நம் ஊருக்கு எவ்வாறு வரும் என்று கேட்பீர்கள். நான்கே ஆண்டுகளில் வந்தது, அதுவும் பாலாற்றங்கரைக்கு. வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீர் ஆற்றிலும் நிலத்திலும் பாய்ந்து கிணறுகள் கெட்டன. ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமோ பயிருக்கு ஆகாததாயிற்று என்ற ஆய்வு உச்ச நீதிமன்றத்தின்முன் வைக்கப்பட்டது. வேலூர்க் குடிமக்கள் அமைப்பு ஒன்று தொடுத்த அவ்வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. தோல் ஏற்றுமதி அன்னியச் செலாவணி ஈட்டுகிறது, பலருக்கு வேலை தருகிறது என்பதை நீதிபதிகள் மறுக்கவில்லை. ஆனால் அதற்காக நிலத்தையும் நீரையும் அழிக்க உரிமை கிடையாது என்றார்கள். வருமுன் காத்தலும், கெடுத்தவரே ஈடுசெய்தலும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தார்கள். தன் தொழிலால் கேடில்லை என மெய்ப்பிக்கும் பொறுப்பும் தொழில் நடத்துபவருடையது என்றார்கள். வாஷிங்டன் உழவர் சுமந்த சுமை இங்கே தோள் மாறியது.

அதனால் பாலாறு தெளிந்துவிட்டதா? இல்லை. 2025 சனவரியிலும் அதே ஆற்றைக் குறித்து, அதே ஈட்டுத்தொகையைக் குறித்து, உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. சட்டம் எழுதப்படுவது வேறு, கிணற்றில் நல்ல நீர் ஊறுவது வேறு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். பசிபிக் மாகடலில் வனுவாட்டு என்றொரு சிறு தீவுநாடு. அங்கிருந்த பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் சிலர், உலகம் எரிக்கும் நிலக்கரியாலும் எண்ணெயாலும் தங்கள் தீவுகளைக் கடல் விழுங்குகிறதே, இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று 2019-இல் கேட்டார்கள். அக்கேள்வி ஐக்கிய நாடுகள் பொதுச்சபைக்குச் சென்று, அங்கிருந்து பன்னாட்டு நீதிமன்றத்திற்குச் சென்றது. தட்பவெப்பத்தைக் கெடுக்கும் புகையைத் தடுப்பதும் நாடுகளின் சட்டக் கடமையே என 2025 சூலை 23-ஆம் நாள் நீதிபதிகள் ஒருமனதாகக் கருத்துரைத்தார்கள். கட்டாயப்படுத்தும் தீர்ப்பன்று அது. எனினும் திரெயிலில் ஒரு பள்ளத்தாக்குக்குச் சொன்னது இப்போது வானம் முழுமைக்கும் சொல்லப்பட்டிருக்கிறது.

ஞாயிறு வந்தது, இருவரும் வந்தனர். கதிர்க்கட்டு எரிந்த விவிலியப் பகுதியைப் படித்துக் காட்டினோம். சூளைக்காரர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, “நுனி கருகுவது புகையாலா, பூச்சியாலா என்று எப்படித் தெரியும்?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான், திரெயிலிலும் அதையே கேட்டார்கள். வேளாண்மை அலுவலரை அழைத்துத் தோப்பைக் காட்டுவதென்றும், அதுவரை சூளைக்குத் தீ வைப்பதில்லை என்றும் பேசி முடிவாயிற்று. ஆனால் அவர் களத்தில் பச்சைச் செங்கல் மலைபோல் அடுக்கியிருக்கிறது. கல் அறுக்கும் குடும்பங்களுக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. அவர்களும் நம் பங்கு மக்களே. ஒரு கோடைமழை இறங்கினால் அத்தனையும் சேறாகும். காத்திருப்பதன் நட்டம் ஒருவர் தலையிலேயே விழலாமா என்று கேட்டோம். தோப்புக்காரர் சற்றே யோசித்து, கல்லை மூடத் தென்னங்கீற்று தாம் தருவதாகச் சொன்னார். புதன்கிழமை இரண்டு வண்டிக் கீற்று போய்ச் சேர்ந்தது. அலுவலர் இன்னும் வரவில்லை.