காதில் விழும் பேச்சு

பேருந்திலோ தேநீர்க் கடையிலோ இளைஞர்கள் பேசுவது அருகிலிருப்பவர் காதில் விழுவதைத் தவிர்க்க முடியாது. கேட்டதை வைத்து என்ன செய்கிறோம் என்பதே கேள்வி. ஆய்வாளர்களும் இப்படிப் பிறர் பேச்சைக் காதில் வாங்கியிருக்கிறார்கள். 1922-இல் உளவியலாளர் ஹென்றி மூர், நியூயார்க்கின் பிராட்வே தெருவில் நடந்தபடி வழிப்போக்கர்களின் பேச்சுத் துணுக்குகளைக் குறித்துக்கொண்டார். 1985-இல் லெவின், அர்லூக் இருவரும் வெளியிட்ட ஆய்வு, கல்லூரி மாணவர்களின் அரட்டையில் பிறரைப் புகழ்வதும் பழிப்பதும் ஏறக்குறைய சம அளவில் இருந்ததாகக் கண்டது. 1997-இல் ராபின் டன்பாரும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், பல்கலைக்கழக உணவகம் போன்ற இடங்களில் கேட்ட பேச்சு நேரத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு உறவு, நட்பு, சொந்த அனுபவம் பற்றியதாக இருந்தது. மனிதர்கள் பிணைப்பை வளர்த்துக்கொள்ளும் வழி அது. ஆகவே 'வெட்டிப்பேச்சு' என்று இளைஞர்களை மட்டும் ஒதுக்குவது நியாயமில்லை. இந்த ஆய்வுகளுக்குப் பேசுபொருள் முக்கியமாக இருந்தது. பேசியவரின் பெயர் தேவைப்படவில்லை. இன்றோ ஒட்டுக்கேட்டதைக் கைபேசியில் பதிவுசெய்து வாட்ஸ்அப்பில் பரப்புவதும், வீட்டாரிடம் கொண்டுசேர்ப்பதும் எளிதாகிவிட்டது. முன்பின் அறுந்த ஒரு வாக்கியம் ஒரு பெண்ணின் படிப்பையே நிறுத்திவிடக்கூடும். பொது இடத்தில் இருப்பதாலேயே ஒருவர் அந்தரங்க உரிமையை இழப்பதில்லை என்பதை இந்திய உச்ச நீதிமன்றத்தின் 2017 புட்டசாமி தீர்ப்பு வலியுறுத்தியது. ஆபத்தோ வன்முறையோ வெளிப்பட்டால் தலையிடுவது கடமை. மற்றபடி, காதில் விழுந்த பேச்சைப் பதிவு செய்யாமலும் பரப்பாமலும் இருப்பதே பெரியவர்கள் இளைஞர்களுக்குத் தரவேண்டிய மரியாதை.