தொடாமல் விட்ட காடு

2010-ஆம் ஆண்டு ஆகஸ்டில் மகனைப் பார்க்க ஜப்பானின் கியோட்டோ நகருக்குப் போயிருந்தேன். நகரின் கிழக்கே வரிசையாக மலைகள். பச்சைப் பசேலென்ற சரிவுகளில் திட்டுத் திட்டாகச் செம்பழுப்பு நிறம். இலையுதிர் காலத்தில் ஜப்பானிய மலைகள் சிவக்கும் என்று படித்திருந்த நான், "இத்தனை சீக்கிரம் ஆரம்பித்துவிட்டதா?" என்று வியந்தேன். மகன் அதைப் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் மொழிபெயர்த்துச் சொன்னான். அவர் தலையை ஆட்டினார். "அவையெல்லாம் செத்த மரங்கள்" என்றார்.

அன்றிலிருந்து இந்த ஓக் மரங்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். டில்லியில் குடியிருக்கும் நமக்கு ஜப்பான் காடு எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

ஜப்பானின் ஓக் வகைகளில் முக்கியமானவை இரண்டு. கிராமங்களை ஒட்டிய குன்றுகளில் வளர்வது கொனாரா. குளிர்ந்த உயர்மலைகளிலும் வடக்கே ஹொக்கைடோ தீவிலும் ஓங்கி நிற்பது மிசுநாரா. மிசு என்றால் தண்ணீர். மரத்தில் ஈரம் அதிகம் என்பதால் அந்தப் பெயர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒடாரு துறைமுகம் வழியாக இந்த மரம் ஐரோப்பாவுக்குக் கப்பல் கப்பலாகப் போனது. இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டுப் பீப்பாய்கள் வராமல் போகவே, விஸ்கியை ஊறவைக்க மிசுநாராப் பீப்பாய் செய்தார்கள். இன்று அதற்கு உலகெங்கும் கிராக்கி. ஆனால் பீப்பாய்க்கு ஏற்ற பருமன் வர மரத்துக்கு 200 ஆண்டுகள் வரை ஆகும்.

இந்த மரத்தைக் கொல்வது 5 மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு வண்டு. முதலில் ஆண் வண்டு அடிமரத்தைத் துளைக்கும். பிறகு ஒரு வாசனையை வெளியிட்டுக் கூட்டத்தையே அழைக்கும். பெண் வண்டு தன் முதுகிலுள்ள நுண்குழிகளில் பூஞ்சையைச் சுமந்து வரும். அந்தப் பூஞ்சை பரவியதும் மரத்துக்குள் நீரேறும் குழாய்கள் அடைபடும். கடும் கோடையில், வேருக்கு அருகில் ஈரம் இருந்தும், மரம் தாகத்தால் சாகும். 1980-களின் இறுதியிலிருந்து இந்த நோய் மாவட்டம் மாவட்டமாகப் பரவியது. நான் போயிருந்த 2010-இல் அழிவு உச்சத்தைத் தொட்டது. அந்த ஒரே ஆண்டில் சுமார் 3 லட்சம் கன மீட்டர் மரம் பட்டுப்போனது. 2023-இல் கடல் தாண்டி ஹொக்கைடோவின் தென்கோடியிலும் நோய் காணப்பட்டது.

வண்டைக் குறை சொல்லிவிட்டு நாம் போய்விடலாம். ஆனால் அந்த வண்டு புதிதாக வந்த அன்னியப் பூச்சி அல்ல. 1930-களிலேயே அதன் சேதம் பதிவாகியிருக்கிறது. மாறியது மனிதனின் வழக்கம்தான். முன்பு கிராமத்தார் 15 முதல் 30 ஆண்டுகளுக்கு ஒருமுறை கொனாரா மரங்களை அடியோடு வெட்டி விறகுக்கும் அடுப்புக்கரிக்கும் எடுத்துக்கொள்வார்கள். கட்டையிலிருந்து புதுத்துளிர் கிளம்பும். உதிர்ந்த இலை வயலுக்கு எரு. வெட்டிய கட்டை ஷீட்டாக்கே காளான் வளர்க்க. இப்படிக் காடு எப்போதும் இளமையாகவே இருந்தது.

1950, 60-களில் மண்ணெண்ணெயும் காஸும் வந்தன. பிள்ளைகள் தொழிற்சாலை வேலைக்கு நகரங்களுக்குப் போனார்கள். காட்டுக்குள் யாரும் போகவில்லை. மரங்கள் பருத்தன, முதிர்ந்தன. பருத்த மரம்தான் வண்டுக்கு விருந்து. அதில்தான் அதன் குஞ்சுகள் ஏராளமாகப் பெருகும். போதாக்குறைக்கு, வேட்டைக்காரர்கள் குறைந்து மான்கள் பெருகிவிட்டன. செத்த மரத்தடியில் முளைக்கும் கன்றுகளை அவை மேய்ந்துவிடுகின்றன.

காட்டைக் காப்பதென்றால் கோடாரியை ஒளித்துவைப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மனிதன் கால்படாத ஆதிக்காட்டுக்கு அது சரி. ஆனால் நூற்றாண்டுக் கணக்கில் மனிதன் கைபட்டு உருவான காட்டை ஒரே நாளில் கைவிடுவது பாதுகாப்பாகாது. இன்று அங்கே தன்னார்வக் குழுக்கள் அடிமரங்களுக்கு பிளாஸ்டிக் தாள் சுற்றுகின்றன. மருந்து செலுத்துகிறார்கள். நோயுற்ற மரத்தை வெட்டிப் புகைமூட்டம் போடுகிறார்கள். எல்லாம் தேவைதான். ஆனால் வெட்டிய மரத்தை வாங்கி உபயோகிக்க ஆள் இருந்தால்தான் குன்றுகள் மறுபடி இளமையாகும் என்பது என் கருத்து. பீப்பாய்க்கு மட்டும் விலை கொடுத்து, விறகுக்கும் கரிக்கும் விலையில்லை என்றால் காடு பிழைக்காது.

இப்போது காரணத்தைச் சொல்கிறேன். ராமநாதபுரம் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயில் கோடைதோறும் வண்டல் அள்ளி மாட்டுவண்டியில் வயலுக்குக் கொண்டுபோவார்கள். வயலுக்கு எரு, கண்மாய்க்கு ஆழம். பிறகு உரமூட்டை வந்தது. என்னைப் போன்றவர்கள் ரயிலேறினோம். வண்டல் அங்கேயே தங்கியது. இன்று கண்மாய் முழுக்கச் சீமைக் கருவேலம். அதை யாரும் அழிக்கவில்லை. எல்லோரும் விட்டுவிட்டு வந்தோம், அவ்வளவுதான்.

ஊரை விட்டு வந்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. வந்ததால்தான் நம் பிள்ளைகள் படித்தார்கள். ஆனால் ஊரில் திருவிழா என்றால் வரி அனுப்புகிற நாம், கண்மாய் தூர்வார ஒரு பங்கு அனுப்புகிறோமா? அடுத்த கோடை விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் ஒரு மாலை கரைமேல் நடந்து பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். என்ன கண்டீர்கள் என்று திரும்பி வந்து இந்த இதழுக்கு எழுதுங்கள். முதல் பங்கை நான் தருகிறேன்.