தண்டோரா போட்டால்தான் தொழிலா?
தரகர் கூட்டத்துக்குத் தொழிலாளி தரும் பதில்



விடிவதற்கு முன்பே கம்பத்திலும் கூடலூரிலும் தேவாரத்திலும் போடியிலும் ஜீப்புகள் நிரம்பி விடுகின்றன. ஏற வேண்டியது சிலர்; ஏற்றப்படுவது பலர். ஏலத் தோட்டத்துக் கூலிக்காக நம் தாய்மார்கள் குமுளி வழியும், கம்பமெட்டு வழியும், போடிமெட்டு வழியும் மலை ஏறுகிறார்கள். ஒரு வளைவில் பிரேக் பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று இந்தப் பள்ளத்தாக்கில் எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

அப்படி ஒரு கோரம் நடந்துவிட்டால் ஆஸ்பத்திரி வாசலுக்கு முதலில் வந்து நிற்பவன் யார்? தோட்ட முதலாளியா? இன்ஷூரன்ஸ் கம்பெனியா? இல்லை. தரகன்!

"அழாதீங்க அக்கா. நம்ம வக்கீல் பெரிய ஆளு. உங்க கையில இருந்து ஒரு பைசா வேண்டாம். வர்றதுல ஒரு பங்கு குடுத்தாப் போதும். இந்தத் தாள்ல ஒரு கையெழுத்துப் போடுங்க."

தாளில் என்ன எழுதியிருக்கிறது? ஒன்றுமில்லை. வெற்றுத் தாள்!

10 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பங்கு நூற்றுக்கு 20 என்றால் 2 லட்சம் போயிற்று. நாள் கூலி 500 ரூபாய் என்று கணக்கிட்டால் இது 400 நாள் கூலி. செத்துப்போன உழைப்பாளியின் 400 நாள் உழைப்பை, அவன் செத்த பிறகும் தின்கிறார்கள்! உயிரோடு இருக்கும்போது சுரண்டியவன் ஒருவன்; பிணத்தின் மீது சுரண்டுகிறவன் இன்னொருவன்.

இந்தத் தரகனை அனுப்பியவர் யார்? கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு கனவான். அவரைக் கேட்டால் என்ன சொல்கிறார்?

"என்ன செய்வது? காலம் அப்படி. தன்னைத் தானே விற்கத் தெரியாதவன் இன்று பிழைக்க முடியாது. ஆள் பிடித்தால்தான் கேஸ். தட்டி வைத்தால்தான் பெயர். செல்போனில் முகம் காட்டினால்தான் கட்சிக்காரர் வருவார்."

இந்த வாதத்தை நாம் அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. ஏனென்றால் இதே வாதம் நம் வீட்டுப் பிள்ளைகளின் காதிலும் ஓதப்படுகிறது. மில் தொழிலாளியின் மகள் சட்டம் படித்து வருகிறாள். களை எடுத்தவளின் மகன் டாக்டராகி வருகிறான். வந்தவுடன் அவர்கள் கேட்கும் முதல் உபதேசம் இதுதான்: "கூச்சத்தை விடு, கூவி விற்றுக்கொள்." ஆகவே இதற்குப் பதில் சொல்லியே தீர வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது. தரகர் வைத்தோ வேறு வழியிலோ கேஸ் பிடிக்கக் கூடாது. இது இந்திய பார் கவுன்சிலின் 36வது விதி. பெயர்ப் பலகைகூட அளவோடு இருக்க வேண்டும். அதில் பதவிப் பெருமை எழுதக் கூடாது. 2008ல் செய்த திருத்தப்படி பெயர், முகவரி, பதிவு எண், படிப்பு, எந்தத் துறையில் தொழில் செய்கிறார் ஆகிய விவரங்களை மட்டும் இணையதளத்தில் வெளியிடலாம். வரும் நஷ்ட ஈட்டில் பங்கு பேசுவதை 20வது விதி தடுக்கிறது. டாக்டர்களுக்கும் 2002ம் ஆண்டு மருத்துவ கவுன்சில் ஒழுங்குமுறை இப்படித்தான் சொல்கிறது: விளம்பரம் கூடாது, நோயாளியை அனுப்பியதற்காகக் கமிஷன் கொடுக்கவோ வாங்கவோ கூடாது.

பம்பாய்க் கோர்ட்டு வாசலில் வழிப்போக்கரை மடக்கி, ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு கேஸ் பிடித்த வக்கீல்களின் விவகாரம் 1975ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. ஒரு காலத்தில் தலச்சேரியில் விவசாயிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் வாதாடிய வி.ஆர்.கிருஷ்ணய்யர் அப்போது அந்த நீதிபதிகளில் ஒருவர். வக்கீல் தொழில் சந்தை வியாபாரம் அல்ல, கேஸ் கட்டு விற்பனைச் சரக்கு அல்ல என்று அவர் சாட்டையடி கொடுத்தார். 2024 ஜூலையில் சென்னை ஐகோர்ட்டும், இணையத்தில் வக்கீல்களைக் கடைச் சரக்கைப் போலப் பட்டியல் போட்டு ஆள் சேர்க்கும் கம்பெனிகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது.

சட்டம் இருக்கிறது. ஆனால் திருவிழாத் தட்டியில் கறுப்புக் கோட்டுப் படம் சிரிக்கிறதே! காதுகுத்துத் தட்டியில் "சட்டச் சிங்கம்" உறுமுகிறதே! கேட்டால், "நண்பர்கள் வைத்தார்கள்" என்கிறார்கள். நண்பர்களுக்குப் படம் கொடுத்தது யார்?

தரகருக்கு என்ன தண்டனை? 2023ல் வக்கீல் சட்டத்தைத் திருத்தி 45ஏ பிரிவைச் சேர்த்தார்கள். அதன்படி தரகர்களின் பட்டியலை ஜில்லா நீதிபதியும் கலெக்டரும் வெளியிடலாம். பட்டியலைக் கோர்ட்டில் தொங்கவிட வேண்டும். நல்லது. பட்டியலில் பெயர் இருந்தும் தரகு செய்தால்? 3 மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 500 ரூபாய்! ஏல மலையில் ஒரு பெண் குனிந்து எடுக்கும் ஒரு நாள் கூலியைக் கட்டிவிட்டு, லட்சக்கணக்கில் தின்கிறவன் மீசையை முறுக்கிக்கொண்டு போகலாம்!

சட்டம் மட்டும் போதுமா?

போதாது. ஏன்? விதி எல்லோருக்கும் ஒன்று, வாழ்க்கை ஒன்றல்ல. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக வாதாடுகிறவர் கம்பெனிப் பட்டியலிலேயே இருக்கிறார். அவருக்குத் தண்டோரா வேண்டாம். மாமனார் வக்கீல், தகப்பனார் வக்கீல் என்றால் கேஸ் கட்டுகள் வீட்டுக்கே வரும். ஆனால் ஆண்டிபட்டி மில்லில் நூல் ஓட்டியவரின் மகளுக்கு என்ன உண்டு? ஜூனியர் வக்கீலுக்கு மாதம் 15,000 ரூபாயாவது, சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாயாவது கொடுக்க வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை ஐகோர்ட் சொன்னது. கைக்கு வந்து சேர்ந்ததா என்பதை அந்த ஜூனியரைத்தான் கேட்க வேண்டும். வயிறு காயும் நேரத்தில்தான் தரகன் வந்து, "மாதம் பத்துக் கேஸ் தருகிறேன், பாதிப் பீஸ் எனக்கு" என்கிறான்.

இந்தச் சோதனை புதிதல்ல. காந்தி பாரிஸ்டராகி பம்பாயில் தொழில் தொடங்கியபோது தரகருக்குக் கமிஷன் கொடுக்க முடியாது என்று மறுத்தார். முதல் கேஸில் 30 ரூபாய் பீஸ். கோர்ட்டில் எழுந்து நின்றபோது பேச்சு வரவில்லை. பீஸைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு ராஜ்கோட்டுக்குப் போனார். அங்கே கேஸ் அனுப்பும் வக்கீல்களுக்குக் கமிஷன் கொடுக்கும் வழக்கத்துக்கு அவரும் இணங்க நேர்ந்தது. இதைத் தம் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். அவ்வளவு உறுதியான மனிதரையே அந்த ஏற்பாடு வளைத்தது என்றால், நம் ஊர்ப் பிள்ளை தனியாக நின்று எத்தனை நாள் தாங்குவான்? "நீ யோக்கியனாக இரு" என்று உபதேசம் செய்துவிட்டுப் போவது சுலபம். யோக்கியனாக இருந்தும் பிழைக்க வழி காட்ட வேண்டாமா?

சரக்குத்தான் சாட்சி

போடியில் ஏலக்காய் ஏலம் நடக்கிறது. அங்கே எவனாவது மேளம் அடித்தா காயை விற்கிறான்? வியாபாரி சாம்பிளைக் கையில் கொட்டிப் பார்க்கிறான். நிறம் என்ன, பருமன் என்ன, வாசம் என்ன, உள்ளே அரிசி நிறைந்திருக்கிறதா என்று பார்க்கிறான். பிறகுதான் விலை. நல்ல கொத்தனாரைத் தேடுகிறவன் அவர் எழுப்பிய சுவரைப் போய்ப் பார்க்கிறான். அவருடைய படத்தைப் பார்ப்பதில்லை.

வக்கீலுக்கும் டாக்டருக்கும் கணக்கு எழுதுகிறவருக்கும் அப்படித்தான். செய்த வேலையே சாம்பிள். அந்தச் சாம்பிள் எப்படி இருக்க வேண்டும்?

தோற்கும் கேஸைத் தோற்கும் என்று முதல் நாளே சொல்ல வேண்டும். பீஸ் இவ்வளவு என்று முன்பே பேசி, வாங்கியதற்கு ரசீது தர வேண்டும். கையெழுத்து வாங்குமுன் தாளில் உள்ளதைத் தமிழில் படித்துக் காட்டி நகல் கொடுக்க வேண்டும். வாய்தாத் தேதியைக் கேட்காமலே சொல்ல வேண்டும். கட்சிக்காரர் பணத்துக்குக் கணக்கு வைக்க வேண்டும். இதுவும் பார் கவுன்சில் விதிதான். தனக்குத் தெரியாத கேஸைத் தெரிந்தவரிடம் அனுப்ப வேண்டும். அனுப்பியதற்குக் கூலி கேட்கக் கூடாது. மாலை நேரத்தில் தொழிலாளர் கூடும் இடத்தில் பி.எப். என்றால் என்ன, இ.எஸ்.ஐ. என்றால் என்ன என்று விளக்க வேண்டும். "என்னிடம் வாருங்கள்" என்று சொல்லாமல் எழுந்து போக வேண்டும்.

இப்படி நடந்தால் மறுநாளே கூட்டம் கூடிவிடுமா? கூடாது. வருஷங்கள் ஆகும். ஆனால் தரகன் பிடித்த கேஸ் தரகனோடு போய்விடும். நாணயத்தால் வந்த கட்சிக்காரர் தம் அண்ணனை அழைத்து வருவார், அண்ணன் தம் தெருவையே அழைத்து வருவார்.

ஒட்டப்பிடாரத்து வக்கீல் வ.உ.சிதம்பரம் பிள்ளை எந்தத் தட்டி வைத்துப் பெயர் வாங்கினார்? ஏழைகளுக்காகப் போலீசோடு மோதி வாதாடினார். 1908ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கு முன்னே நின்றார். வேலைநிறுத்தம் வென்றது. அதே மார்ச்சில் அவரைக் கைது செய்தபோது தொழிலாளர்கள் மில்லை விட்டு வெளியே வந்தார்கள். ஒரு வக்கீலுக்காக மில் நின்றது! எந்த விளம்பரக் கம்பெனி இதை விலைக்கு வாங்கித் தரும்?

ஆனால் மறுபக்கத்தையும் மறக்கக் கூடாது. சிறையிலிருந்து 1912ல் வெளியே வந்தபோது அவருடைய சன்னது பறிபோயிருந்தது. சென்னையில் கடை வைத்துப் பிழைக்க நேர்ந்தது. வாலஸ் என்ற நீதிபதி பிற்பாடு சன்னதைத் திருப்பித் தந்தார். அந்த நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார் சிதம்பரனார். அன்றைய தொழிலாளருக்கு நிலையான சங்கம் இல்லை. தமக்காக நின்ற மனிதரைத் தாங்கி நிற்க அவர்களுக்கு வலு இல்லை. இன்று நமக்கு அந்தச் சாக்கு உண்டா?

நம் கடமை என்ன?

நாணயமான தொழில்காரர் தம்மைத் தாமே புகழக் கூடாது, சரி. ஆனால் அவரிடம் நல்ல வேலை கண்ட நாம் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்? தரகன் தொண்டை கிழியப் பேசுகிறான். பயன் பெற்ற தொழிலாளி மௌனமாக இருக்கிறான். இந்த மௌனத்தில்தான் தரகன் வளர்கிறான். மில் வாசலிலும் ஜீப் நிற்கும் இடத்திலும் டீக்கடையிலும் நாம் உண்மையைப் பேசினால் தரகனுக்கு என்ன வேலை?

ஒரு எச்சரிக்கை: பேசுவது கூலிக்காக இருக்கக் கூடாது. சங்கத்தின் பெயரைச் சொல்லிக் கமிஷன் வாங்குகிறவனும் தரகனே. செங்கொடி பிடித்திருந்தாலும் தரகன் தரகன்தான். அவனை முதலில் வெளியேற்ற வேண்டும்.

விபத்தில் சிக்கிய ஒவ்வொரு குடும்பமும் இவற்றை அறிந்திருக்க வேண்டும்:

வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பாஸ் புத்தகத்தை எவனிடமும் கொடுக்காதீர்கள்.

"விபத்து கேரளாவில் நடந்தது, அங்கே போய் வழக்காட ஏகப்பட்ட செலவு" என்று தரகன் பயமுறுத்துவான். மோட்டார் வாகனச் சட்டம் 166வது பிரிவின்படி நீங்கள் குடியிருக்கும் ஊருக்கு உரிய தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம். தாமதம் மட்டும் கூடாது. 2022 ஏப்ரல் 1ல் அமலுக்கு வந்த திருத்தம் 6 மாதக் கெடு வைத்திருக்கிறது. விபத்து பற்றிய முதல் அறிக்கையைப் போலீஸ் 48 மணி நேரத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பியதா என்று கேளுங்கள்.

1987ம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12வது பிரிவு, பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும், ஆலைத் தொழிலாளருக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி பெறும் உரிமை தருகிறது. இது தர்மம் அல்ல, உரிமை. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள்.

வழக்குப் போட்டதும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை வாங்குங்கள். படித்த பிள்ளையிடம் செல்போனைக் கொடுத்தால் வழக்கு எங்கே நிற்கிறது என்று வீட்டிலிருந்தே பார்த்துச் சொல்லிவிடும்.

சர்க்காரிடமும் கோர்ட்டிடமும் நம் கோரிக்கை இது: 45ஏ பிரிவின்படி தேனி ஜில்லாவில் விசாரணை நடத்து! தரகர் பட்டியலை ஒவ்வொரு கோர்ட்டு வாசலிலும் தொங்கவிடு! ஜூனியர்களுக்குச் சொன்ன தொகையைக் கொடுக்க வை!

தொழில் தொடங்கும் நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்: உங்களை ஏலம் போட்டுக் கூவாதீர்கள். வேலையைச் சுத்தமாகச் செய்யுங்கள். அதை ஊருக்குச் சொல்வது எங்கள் பொறுப்பு. நீங்கள் எங்கள் பக்கம் நின்றால், உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்ள இந்தப் பள்ளத்தாக்கில் ஆயிரமாயிரம் கைகள் உண்டு.